எந்த மனநிலையில் பாட்டு பிறக்கும்?

வீரகேரளம்புதூர்ப் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் இந்த வழக்கு எப்போது வேண்டுமானாலும் கிளம்பும். "மனசு சந்தோஷமா இருந்தாத்தான் புதுசா ஏதாவது தோணும்" என்பார் ஒருவர். "அட போங்க அண்ணாச்சி, அடிபட்டவனுக்குத்தான் பாட்டு வரும்" என்பார் இன்னொருவர். டீ ஆறுவதற்குள் இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். சாட்சி தேடி வெளியூர் போக வேண்டியதில்லை, இந்த ஊரிலேயே இருக்கிறது.

புலவர்கள் 'வீரை' என்று சுருக்கி அழைத்த சிற்றாற்றங்கரை ஊர் இது. ஊற்றுமலை ஜமீன்தார்கள் வாழ்ந்த இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜமீன்தாராக இருந்த இருதயாலய மருதப்பத் தேவருக்குத் தமிழ் என்றால் உயிர். புலவர்களைக் கூடவே வைத்துப் போற்றியவர். அவரிடம் வந்து சேர்ந்தார் அண்ணாமலை ரெட்டியார். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் சென்னிகுளத்துக்காரர். திருவாவடுதுறைக்குப் போய் உ.வே.சாமிநாதையரிடம் சில காலம் பாடம் கேட்டவர். வீரைத் தலபுராணம், நவநீதகிருஷ்ணர் மேல் பதிகம், சங்கரன்கோவில் திரிபந்தாதி என்று எழுதினார். இருந்தாலும் இன்று அவர் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது காவடிச் சிந்துதான்.

மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்து நடந்து போனபோது, கூடவே நடந்த ரெட்டியார் வழிநடைக் களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடிய பாட்டுகள் அவை என்பது இந்த வட்டாரத்தில் வழங்கும் கதை. கதையை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அதற்குள் நடை தெரியும். எதுகை அடுக்கடுக்காக வந்து ஓடுகிறது. ஓடி வந்த சொற்கள் ஓரிடத்தில் நின்று கடைசி எழுத்து நீள்கிறது. சிந்து இலக்கணத்தில் இதற்கு அசைநீட்டம் என்று பெயர். தாளம் நிறையும்வரை எழுத்தை இழுத்துப் பாட வேண்டும். காவடியைத் தோளில் வைத்துப் பாடிப் பாருங்கள்: அடுக்கு ஓடும்போது கால் எட்டிப் போகும், நீட்டத்தில் மூச்சு வாங்க இடம் கிடைக்கும்.

இனி முதல் கட்சியின் வாதத்துக்கு வருவோம். 1987-இல் அமெரிக்க உளவியலாளர் ஆலிஸ் ஐசனும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தி, ஒரு தீப்பெட்டி, ஒரு டப்பா நிறையக் குத்தூசி. மெழுகு கீழே சொட்டாதபடி மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்தி எரிய விட வேண்டும். இந்தப் புதிரை அதற்கு முன்பே உண்டாக்கியவர் கார்ல் டுங்கர் என்ற ஜெர்மானியர். பலர் மெழுகுவர்த்தியையே சுவரில் குத்தப் பார்ப்பார்கள். சிலர் உருக்கி ஒட்டப் பார்ப்பார்கள். இரண்டும் நிற்காது. டப்பாவைக் காலி செய்து, அதைச் சுவரில் குத்தி, அதற்குள் மெழுகுவர்த்தியை நிறுத்தினால் தீர்ந்தது. புதிருக்கு முன்னால் சில நிமிடம் நகைச்சுவைப் படம் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் விடையைக் கண்டுபிடித்தார்கள். சாதாரணப் படம் பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அது முடிந்தது.

சிரித்ததால் யாருக்கும் அறிவு கூடிவிடவில்லை. டப்பா என்றால் ஊசி வைக்க மட்டும்தான் என்ற பிடி கொஞ்சம் தளர்ந்தது, அவ்வளவுதான். மகிழ்ச்சியான மனம் தூரத்துப் பொருள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. ரெட்டியார் செய்ததும் அதுதான். காவடிக்காரர்கள் ஆடிப் போகும் மெட்டு தெருவில் கிடந்தது. எதுகையும் மோனையும் புலவர் திண்ணையில் இருந்தன. தலைவனை நினைத்து உருகும் தலைவி பழைய அகப்பாட்டில் இருந்தாள். மூன்றையும் ஒரே பாட்டில் கொண்டுவந்து, அந்தத் தலைவியைக் கழுகுமலை முருகன்மேல் காதல் கொள்ள வைத்தார்.

ஆனால் எல்லா மகிழ்ச்சியும் இந்த வேலையைச் செய்யாது. 2008-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மத்தைஸ் பாஸ் குழுவினர் 25 ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். உடம்பையும் மனசையும் கிளப்பிவிடும் உற்சாகம் புதிய எண்ணங்களுக்கு உதவுகிறது. சாப்பிட்டுச் சாய்ந்திருக்கும் நிம்மதிக்கு அந்தச் சக்தி இல்லை. சோர்ந்து கிடக்கும் வருத்தத்துக்கும் இல்லை. பயமும் பதற்றமும் இருப்பதையும் குறைத்துவிடுகின்றன. கோபம் வேறு விதம்: ஒன்றையே விடாமல் பிடித்துக் குடைய வைக்கும், அந்த வழியில் சில சமயம் பலன் தரும்.

கால்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் கலந்துகொண்டவர்கள், உட்கார்ந்திருந்தபோது சொன்னதைவிட நடக்கும்போது சராசரியாக 60 சதவீதம் கூடுதலாகப் புதிய யோசனைகளைச் சொன்னார்கள். வெறும் சுவரைப் பார்த்தபடி நடைப்பொறியில் நடந்தவர்களுக்கும் பலன் இருந்தது. ஒரே விடை உள்ள கேள்விகளுக்கு மட்டும் நடை உதவவில்லை. ஊர்க்கதைப்படி பார்த்தால், கழுகுமலைப் பாதையில் பக்தி, உற்சாகம், நடை மூன்றும் ஒன்றாகக் கூடியிருந்தன.

அப்படியானால் அடிபட்டவன் கட்சி தோற்றதா? முழுக்கத் தோற்கவில்லை. நம் ஊர்ப் பெண்கள் பாடும் ஒப்பாரியை நினைத்துப் பாருங்கள். துக்கம் தாங்காமல் அழும் ஒருத்தி, அந்த நேரத்திலேயே இறந்தவரின் குணத்தையும் தொழிலையும் புதிதாகச் சேர்த்துப் பாடுகிறாள். இது எப்படி முடிகிறது? மெட்டும் அடியும் உவமைகளும் பாட்டி காலத்திலிருந்து தயாராக இருக்கின்றன. துக்கம் அந்த உருவத்துக்குள் வந்து இறங்குகிறது.

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. வாழ்நாளெல்லாம் வற்புறுத்தியதும் இதைத்தான். உணர்ச்சி இருந்தால் மட்டும் கவிதை ஆகிவிடாது; அது தாளத்தோடு உருவம் பெற வேண்டும். அவர் வாழ்ந்த குற்றாலத்து மெயின் அருவியையே உதாரணம் சொல்லலாம். மேலிருந்து வரும் தண்ணீர் நேராகத் தலையில் விழுந்தால் யாரும் தாங்க மாட்டோம். நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்து வருவதால்தான் குளிக்க முடிகிறது. துக்கமானாலும் உவகையானாலும் அப்படி ஒரு பள்ளம் வேண்டும். சிந்துப் பயிற்சியும் இலக்கணப் படிப்பும் இல்லாமல் உற்சாகத்தில் மட்டும் நடந்திருந்தால், ரெட்டியாரும் "அரோகரா" சொல்லிவிட்டு வீடு திரும்பியிருப்பார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆதரிக்க ஒருவர் இருந்ததால் சோற்றுக் கவலை இல்லாமல், தெரு மெட்டை எடுத்துப் பாடினால் கேலி செய்வார்களோ என்று அஞ்சாமல் அவரால் பாட முடிந்தது. 1891-இல், முப்பது வயதுக்குள்ளேயே இறந்துபோனார். அந்தக் குறுகிய காலத்தில் இவ்வளவு எழுதியதற்கு அந்த ஆதரவும் ஒரு காரணம்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையிடம் "சொந்தமாக யோசித்து எழுது" என்று சொல்லிவிட்டு, மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டாதீர்கள். பயந்த பிள்ளை நோட்ஸில் இருப்பதைத்தான் ஒப்பிக்கும். முதலில் நிறையப் படிக்கவும் பாடவும் விடுங்கள், பிறகு சிரிக்க விடுங்கள். அப்படியும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் சிற்றாற்றுப் பாலம் வரை நடத்திக் கூட்டிப் போங்கள்.