வீட்டு முற்றத்தில் லொறியின் பின்னச்சு

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மாணவர் சிலருடன் சீகிரியாவுக்குச் சென்றிருந்தேன். குன்றையும் ஓவியங்களையும் பற்றி எழுதுவோர் பலர் உளர். நான் எழுதப் புகுவது இனாமலுவைச் சந்திக்கு அருகே, ஒரு வீட்டு முற்றத்திற் கண்ட காட்சியைப் பற்றியே.

தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் பழைய லொறி அது. அதன் 'டிபரன்ஷியல்' சாக்கின்மேற் பிரிந்து கிடந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டமையால், வேறு லொறி வாங்குவது அக்குடும்பத்துக்குக் கனவிலும் இயலாத காரியம்.

டிபரன்ஷியல் எதற்கு என்று மாணவன் ஒருவன் வினவினான். ஆறடி இடைவெளியுள்ள இரு பின்சக்கரங்கள் கால்வட்டம் திரும்பும்போது, வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 9½ அடி கூடுதலாக ஓடவேண்டும். இரண்டையும் ஒரே தண்டிற் பிணைத்துவிட்டால் ரயர் தேயும். வண்டியும் எளிதில் திரும்பாது. இதற்கு வழிகண்டு, 1827ஆம் ஆண்டளவிற் பிரான்சிலே காப்புரிமை பெற்ற பெக்கர் என்பார் மணிக்கூடு செய்பவர்!

சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்திருந்தனர். அரைத்தண்டுகளை உருவியபின், கியரிற் போட்டிருந்தாலும் வண்டி உருண்டுவிடும். இதை மறந்தவன் உயிருக்கே ஆபத்து.

வடித்த எண்ணெயில் இரும்புத்தூள் மின்னியது. தேய்ந்த பெயரிங்குகளை மாற்றியாயிற்று. அவற்றின் மூடிகள் இடம் மாறாதபடி முன்னரே புள்ளி குத்தியிருந்தார்கள்.

"கிறவுணும் பினியனும் சோடி, மாஸ்டர். ஒன்றை மட்டும் மாற்றினால் இரைச்சல் போகாது," என்றார் தந்தை.

மகன் பற்களிற் செஞ்சாயம் பூசிச் சுழற்றினான். பற்கள் உராய்ந்த தடம் நுனியில் விழுந்தது. பினியன் இன்னும் உள்ளே செல்லவேண்டும் என்பது பொருள். மீண்டும் கழற்றி, கடதாசிபோன்ற தகடொன்றைச் சேர்த்தனர். இப்போது தடம் அடியில்! பையனின் முகம் வாடிற்று.

"தம்பி, அவசரப்படாதே. மெல்லிய தகட்டைப் போட்டுப் பார்," என்றார் அவர்.

பற்களிடையே விடவேண்டிய இடைவெளியோ கால் மில்லிமீற்றர் அளவுதான். குறைந்தால் சூடேறும், கூடினால் பல் உடையும். ஏற்றிய சுமையோடு நடுவழியில் நின்றால், அன்றைய மரக்கறி அத்தனையும் வெயிலில் வாடிப்போகும்.

மூன்றாம் முறை தடம் பல்லின் நடுவே விழுந்தது. தந்தை ஒன்றும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, கியர் எண்ணெய் வாளியை எடுத்துவரச் சொன்னார்.