மெகாபிக்ஸல் சொல்லாத கணக்கு

அறிதிறன்பேசியின் வருகைக்குப் பிறகு கையடக்க டிஜிட்டல் கேமராவின் காலம் முடிந்துவிட்டதாகவே பலரும் கருதினர். ஜப்பானிய கேமரா உற்பத்தியாளர்கள் சங்கத்தின் கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. 2010-இல் 10 கோடிக்கும் மேல் சந்தைக்கு அனுப்பப்பட்ட, லென்ஸை மாற்ற இயலாத கேமராக்கள், 2023-இல் 20 லட்சத்தைக்கூட எட்டவில்லை.

ஆனாலும், இவற்றில் விலை உயர்ந்த வகையைத் தேடி வாங்கும் ஆர்வலர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் பணத்துக்கு உரிய பயன் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை பிறழும் என்பதைப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். தரத்தை அறிய இயலாத நுகர்வோர், கண்ணில் படும் எண் ஒன்றைப் பற்றிக்கொள்கிறார். கேமராவில் அந்த எண், மெகாபிக்ஸல்.

2012-இல் வெளிவந்த சோனி ஆர்எக்ஸ்100 கேமராவைப் பார்ப்போம். அதன் திறன் 20 மெகாபிக்ஸல். பின்னர் வந்த மலிவான கேமராக்கள் சிலவற்றிலும் அதே 20 மெகாபிக்ஸல் இருந்தது. வேறுபாடு, ஒளியை வாங்கும் சென்சாரின் பரப்பில் இருக்கிறது. மலிவான கேமராவில் அது சுமார் 28 சதுர மில்லிமீட்டர். ஆர்எக்ஸ்100-இல் சுமார் 116. நான்கு மடங்கு பரப்பு, நான்கு மடங்கு ஒளியை வாங்கும். மங்கிய வெளிச்சத்தில் படத்தில் புள்ளிகள் குறைவது இதனால்தான்.

விலை உயர்வதற்கும் இதுவே ஒரு காரணம். ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து பெரிய சென்சார்களைக் குறைவாகவே வெட்டி எடுக்க முடியும். தகட்டில் ஒரு சிறு பழுது இருந்தாலும் வீணாகும் பரப்பு அதிகம்.

இதிலும் எச்சரிக்கை தேவை. '1 அங்குல சென்சார்' என்ற பெயரை நம்பி அளந்தால், அதன் மூலைவிட்டம்கூட 16 மில்லிமீட்டர்தான். பழைய வீடியோ கேமராக் குழாய்களின் விட்டத்தைக் குறித்த வழக்கம், பெயரில் மட்டும் தங்கிவிட்டது.

அடுத்தது லென்ஸ். 'எஃப் 1.8' என்று விளம்பரம் சொல்லும். அது அகன்ற கோணத்துக்கு மட்டுமே பொருந்தும். ஆர்எக்ஸ்100-இல் தொலைவுக் காட்சியை முழுவதும் நெருங்கினால் அது எஃப் 4.9 ஆகிறது, உள்ளே வரும் ஒளி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது.

ஒன்றைப் பெற மற்றொன்றை இழப்பதைப் பொருளியல் 'வாய்ப்புச் செலவு' என்கிறது. இதே வரிசையில் 2014-இல் வந்த மூன்றாம் பதிப்பின் லென்ஸ் 24 முதல் 70 மி.மீ. வரை, 2018-இல் வந்த ஆறாம் பதிப்பில் அது 200 மி.மீ. வரை நீண்டது. ஆனால், அகன்ற கோணத்தில் எஃப் 1.8 ஆக இருந்தது, எஃப் 2.8 ஆகிவிட்டது. ஒளி பாதிக்கும் கீழே இறங்கியது. வீட்டு விளக்கொளியில் ஓடியாடும் குழந்தைகளைப் படமெடுப்பவருக்குப் பழைய பதிப்பே மேல். பகலில் தொலைவிலுள்ள சிற்பங்களை எடுப்பவருக்குப் புதியது உதவும். புதியது என்பதாலேயே ஒரு பொருள் எல்லோருக்கும் சிறந்ததாகிவிடாது.

கையிலுள்ள அறிதிறன்பேசி தருவதைவிட இது கூடுதலாக என்ன தரும் என்பதே இறுதி அளவுகோல். நல்ல வெளிச்சத்தில் எடுத்து, சிறு திரையில் பார்க்கும் படத்தில் வேறுபாடு மிகக் குறைவு. மங்கிய ஒளியில் அசையும் உருவம், தொலைவுக் காட்சி, பெரிய அச்சுப்படி ஆகியவற்றில்தான் அது தெரியும்.

எனவே, கடைக்குச் செல்லும் முன் கடந்த ஓராண்டில் நாம் எடுத்த படங்களைப் புரட்டிப் பார்ப்போம். ஒளி போதாமலும் தொலைவு எட்டாமலும் கெட்டவை எத்தனை என்று எண்ணுவோம். அவை பல என்றால், கேமராவுக்குத் தரும் பணம் செலவாகாது, பயனாகும். விரல்விட்டு எண்ணக்கூடியவை என்றால், அந்தப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.