யவனர் வெள்ளியை இனங்காண்பது எப்படி?

யவனர் கலமேறி வந்தனர், பொன்னும் வெள்ளியும் கொடுத்து மிளகு கொண்டு சென்றனர் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்தக் காசுகளில் ஒன்றைக் கையில் வைத்து, "இது மெய்யா, பொய்யா?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை கூறுவோம்? சென்ற மாதம் நானும் விழித்தேன்.

மாஹிமில் எங்கள் குடியிருப்பில் கரூர்ப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஊருக்குப் போனபோது, அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது என்று ஒருவன் சொன்ன வெள்ளிக் காசை ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கி வந்திருந்தார். "கண்ணு, நீ சயன்ஸ் படிக்கிற பையன். இத நல்ல வெலைக்கு வித்துத்தான் பேத்திக்கு பீஸ் கட்டோணும். பாத்துச் சொல்லு" என்றார்.

முதலில் முகத்தைப் பார்த்தேன். கரூர், பொள்ளாச்சி முதலிய கொங்கு நாட்டு ஊர்களில் கிடைத்த 'டினாரியஸ்' என்னும் உரோமை வெள்ளிக் காசுகளில் இரண்டு வகையே மிகுதி. ஒன்று அகஸ்டஸ் காசு: பின்புறம் அவன் பேரர்கள் கேயஸ், லூசியஸ் நிற்பர், நடுவே கேடயங்களும் ஈட்டிகளும் இருக்கும். மற்றது, கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட டைபீரியஸ் காசு: பின்புறம் கோலும் கிளையும் ஏந்திய பெண் அமர்ந்திருப்பாள், சுற்றிலும் 'பான்டிஃப் மாக்ஸிம்' என்னும் எழுத்துகள். தாத்தாவின் காசு இந்த இரண்டாம் வகை. மகிழ்ந்தேன். ஆனால், போலி செய்பவனும் பெயர்பெற்ற காசைத்தானே பார்த்துச் செய்வான்!

அடுத்தது எடை. அக்காலக் காசு அச்சானபோது ஏறத்தாழ 3.9 கிராம், தேய்ந்தால் சற்றுக் குறையும். கி.பி. 64இல் நீரோ மன்னன் எடையையும் வெள்ளியின் தூய்மையையும் குறைத்தான். தமிழகத்தில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அதற்கு முந்தியவை. நல்ல வெள்ளியையே நம் வணிகர் விரும்பினர் என்பது அறிஞர் பலர் கருத்து. தாத்தாவின் காசோ 3.1 கிராம்.

மூன்றாவது விளிம்பு. உரோமர் இரண்டு அச்சுகளுக்கிடையே வெள்ளி வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்தனர். ஆதலால் விளிம்பில் வெடிப்புகள் காணலாம். உருவம் நடுவிலிருந்து விலகியும் இருக்கும். வார்த்த காசில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும், பரப்பில் நுண்ணிய குமிழிப் பள்ளங்களும் தெரியும். உருப்பெருக்கியில் கோடும் பள்ளமும் தெளிவாகத் தெரிந்தன.

கடைசியாக, ஆர்க்கிமிடீஸ் காட்டிய வழி. நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுத்தேன், 0.42 கிராம் குறைந்தது. 3.1ஐ 0.42ஆல் வகுத்தால் 7.4. வெள்ளியின் அடர்த்தி 10.5, வெள்ளீயத்தினது 7.3. செம்பின் மேல் வெள்ளித் தோல் போர்த்த போலிகள் உரோமர் காலத்திலும் உண்டு. ஆனால் செம்பின் அடர்த்தியே ஏறத்தாழ 9. ஐயம் நீங்கியது.

தோழர்களே, உங்கள் கைக்குப் பழங்காசு வந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், அமிலத்தில் இடாதீர்கள். மெய்க் காசாயின் அதன் சான்றுகளே அழிந்துபோம். மண்ணில் கிடைத்த புதையலாயின், 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

உண்மையைச் சொல்ல இரண்டு நாள் தயங்கினேன். சொன்னதும் தாத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் காலத்துல நம்மாளுக தராசுல போட்டு வாங்குனாங்க. நான் விக்கிறவன் பேச்சக் கேட்டு வாங்கிப்போட்டேன்" என்றார்.

பேத்தியின் கட்டணத்துக்கு இப்போது வேறு வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.