எலும்புக்குள் ஓர் ஏவல்

“அண்ணன் தன் மச்சையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டால், பிறகு அவன் உடலில் வலு குன்றிப் போகாதா, சாமி?” நோயுற்றோர் இல்லங்களைச் சந்திக்கச் செல்லுங்கால், கண்ணீரோடு கேட்கப்படும் கேள்வி இது. இரத்தப் புற்றுநோயால் வாடும் பிள்ளை ஒரு புறம்; நலமாய் இருக்கும் பிள்ளை மறு புறம். பெற்ற தாய் யாது செய்வாள்? அவளது அச்சத்திற்கு விடை நம் எலும்புகளுக்குள்ளேயே இருக்கிறது.

நம் உடலில் ஒவ்வொரு வினாடியும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட சிவப்பணுக்கள் பிறக்கின்றன. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்களே. இரத்த அணுக்கள் அனைத்திற்கும் தாயாக விளங்குபவை எலும்பு மச்சையில் உறையும் மூல உயிரணுக்கள். கனடாவின் டொராண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் என்னும் அறிஞர் இருவர் 1961-இல், சுண்டெலிகளில் நடத்திய ஆய்வின் வழியாக இவற்றிற்குச் சான்று கண்டனர்.

இவ்வணுக்கள் தாமாக இயங்குவதில்லை. ஏவல் பெற்றே இயங்குகின்றன. இரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் சிறுநீரகம் ‘எரித்ரோபொயட்டின்’ என்னும் பொருளைச் சுரக்கிறது. மூல உயிரணுவின் வழித்தோன்றல்களுள் சிவப்பணுவாக வளரவேண்டியவை அதனால் பெருகுகின்றன. இப்பொருளைத் தூய நிலையில் பெற, இரத்தசோகை நோயாளிகளின் சிறுநீர் 2,550 லிட்டர் தேவைப்பட்டது! சிகாகோவில் யூஜின் கோல்ட்வாசர் குழுவினர் 1977-இல் இதனைச் சாதித்தனர். கல்லீரல் சுரக்கும் ‘த்ரோம்போபொயட்டின்’ தட்டணுக்களை வளர்ப்பதோடு, மூல உயிரணுக்களையும் பேணிக் காக்கிறது.

மச்சையில் உள்ள பிற அணுக்கள் சுரக்கும் மற்றொரு பொருளோ, “இவ்விடம் விட்டு அகலாதே” என்று மூல உயிரணுக்களைத் தடுத்து வைக்கிறது. ‘ஜி.சி.எஸ்.எஃப்.’ என்னும் மருந்து அந்தக் கட்டைத் தளர்த்துகிறது. நான்கைந்து நாட்கள் இதனை ஊசி வழி செலுத்தினால், மூல உயிரணுக்கள் இரத்த ஓட்டத்தில் வந்து கலக்கின்றன. பின்னர் ஒரு கையில் இரத்தம் எடுத்து, இயந்திரத்தால் அவ்வணுக்களை மட்டும் பிரித்து, எஞ்சிய இரத்தத்தைத் திரும்பச் செலுத்துவர். இதற்குச் சில மணி நேரம் ஆகும், அறுவை தேவையில்லை.

எலும்பு வலியும் தலைவலியும் சில நாட்கள் இருக்கக்கூடும். அரிதாகவே கடுமையான தொல்லைகள் நேர்கின்றன. எனவே கொடுப்பவரை மருத்துவர் முன்னரே நன்கு சோதிப்பார். கொடுத்த அணுக்களின் இடத்தை மச்சையே மீண்டும் நிரப்பிவிடுகிறது.

உடன்பிறந்தார் ஒருவரது மச்சை முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. ஆகவே பொருந்திய ஒருவர் அஞ்சிப் பின்வாங்கும்போது, நோயாளி இழப்பது பெரிது. எவரையும் வற்புறுத்துதல் முறையன்று. மறுக்கும் உரிமை கொடுப்பவருக்கு உண்டு. ஆனால் அந்த முடிவு, செவிவழி வந்த அச்சத்தால் அன்று, மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டறிந்த பின்னரே எடுக்கப்படட்டும். அந்தத் தாய்க்கு நாம் கூறுவது இதுவே: “அம்மா, அண்ணனின் ஊற்று வற்றிவிடாது, தம்பியின் ஊற்று மீண்டும் சுரக்க வழி பிறக்கலாம்.”