நீலப்பூக்களின் பெயரும் உருவும்: கொச்சிப் பகுதித் தாவரப் பெயர்களை முன்வைத்து ஒரு விளக்கம்

1. முன்னுரை

இரு மொழிகளில் ஒத்த வடிவில் வழங்கும் ஒரு பெயர் இரண்டிலும் ஒரே பொருளைக் குறிக்கும் என்று கொள்வது மொழிபெயர்ப்பில் எளிதில் நேரும் பிழையாகும். தமிழும் மலையாளமும் போல நெருங்கிய உறவுடைய மொழிகளில் இப்பிழை கண்ணில் படாமலே நிலைத்துவிடுகிறது. தாவரப் பெயர்களில், குறிப்பாக நீல நிறமும் ஊதா நிறமும் கொண்ட காட்டுப்பூக்களின் பெயர்களில், இதனை மிகுதியாகக் காணலாம். அகராதிகள் பலவும் இப்பூக்களை 'ஒருவகை நீலப்பூ' என்று சுட்டி அமைகின்றன. அத்தகைய பொருள்விளக்கம் ஒரு செடியை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய உதவுவதில்லை.

கொச்சிப் பகுதி இச்சிக்கலை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். மட்டாஞ்சேரியில் மலையாளம், கொங்கணி, தமிழ், குஜராத்தி முதலிய மொழிகளைப் பேசுவோர் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். மேலும், இந்நிலப்பகுதியின் தாவரங்களை அவற்றின் உள்ளூர்ப் பெயர்களோடு பதிவு செய்த பெருநூல் ஒன்று 17ஆம் நூற்றாண்டில் கொச்சியிலேயே உருவாயிற்று. நீலப்பூக்களின் பெயரை உறுதி செய்ய நிறம் போதாது, பூவின் உறுப்பமைப்பே சான்றாகும் என்பதை இப்பகுதியில் வழங்கும் சில பெயர்களைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நிறப்பெயரின் எல்லை

'நீலம்' வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். வானத்தின் நிறத்தையும் கருமை கலந்த நிறத்தையும் அது ஒருங்கே சுட்டுகிறது. கருங்குவளை, கருவிளை என்னும் பெயர்களில் நீலப்பூவுக்குக் 'கரு' என்னும் அடை வந்துள்ளமை நோக்கத்தக்கது. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்றும் கார்முகில் வண்ணன் என்றும் வழங்குவதில் முரண் ஏதும் தோன்றாமைக்குக் காரணமும் இதுவே. நீலத்துக்கும் கருமைக்கும் இடையே மொழிமரபு திட்டமான எல்லை வகுக்கவில்லை.

நீலத்துக்கும் சிவப்புக்கும் இடைப்பட்ட நிறத்தைச் சுட்டும் 'ஊதா' உருது வழியாக வந்தது. பேச்சு வழக்கில் 'கத்தரிப்பூ நிறம்' என்று ஒரு பூவின் பெயரையே அதற்கு நிறப்பெயராக வழங்குகின்றனர். மலையாளத்தில் 'வயலெட்' என்னும் ஆங்கிலச் சொல்லே பெருவழக்கு. பெர்லினும் கேயும் 1969இல் வெளியிட்ட நிறப்பெயர் ஆய்வு, மொழிகளில் நீலத்துக்கான அடிப்படைச் சொல் ஐந்தாம் கட்டத்திலும் ஊதாவுக்கான சொல் இறுதிக் கட்டத்திலும் தோன்றுவதாகக் கூறியது. அக்கொள்கையின் மீது பின்னர் எழுந்த திறனாய்வுகள் பல. எனினும், பழைய பெயர்களிலும் பனுவல்களிலும் நீலம், ஊதா என்னும் வேறுபாட்டைத் தேடுவது பயனற்றது என்பதை அது நினைவூட்டுகிறது.

மொழி ஒருபுறமிருக்க, பூவின் நிறமும் நிலையானதன்று. நீலத்தையும் ஊதாவையும் பெரும்பாலும் ஆந்தோசயனின் என்னும் நிறமிகள் தருகின்றன. அமிலத்தன்மை மாறினால் அவற்றின் நிறமும் மாறும். சங்குப்பூ ஊறிய நீல நீரில் எலுமிச்சைச் சாறு விட்டால் அது ஊதாவாகிவிடுவது பலரும் அறிந்ததே. அச்செடியிலேயே வெள்ளைப்பூ பூக்கும் வகையும் உண்டு. உலர்த்திப் பதப்படுத்திய மாதிரிகளில் நிறம் மங்குவதும் இயல்பு. ஆகவே நிறம் ஓர் அடையாளமேயன்றி முடிவான சான்றாகாது.

3. கொச்சியில் உருவான பதிவு

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார் ஆளுநராகக் கொச்சியில் இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக இலத்தீனில் வெளிவந்தது. தாவரங்களின் பெயரையும் மருத்துவப் பயனையும் எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அறிஞர் மூவரும் துணை நின்றனர். இவர்களுடைய சான்றுரைகள் 1675ஆம் ஆண்டுத் தேதியுடன் முதல் தொகுதியில் இடம்பெற்றுள்ளன. அச்சுதனின் சான்றுரை கோலெழுத்தில் அமைந்தது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இந்நூல் இருவகையில் பயனுடையது. முதலாவது, அதன் செய்திகள் மலையாளத்திலிருந்து போர்த்துக்கீசியத்துக்கும் அதிலிருந்து இலத்தீனுக்கும் சென்றவை. இவ்வாறு மொழி மாறி மாறிச் செல்கையில் நிறச்சொற்கள் நழுவுகின்றன. இலத்தீனின் 'புர்புரேயுஸ்' சிவப்பு முதல் ஊதா வரை பரந்த எல்லையுடைய சொல்லாகும். இரண்டாவது, நூலின் படங்கள் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டவை, வண்ணமற்றவை. நிறத்தைக் காட்ட இயலாத அப்படங்கள் இலை, பூ, காய் ஆகியவற்றின் வடிவைத் தெளிவாகக் காட்டுகின்றன. லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கு இருசொற் பெயர் சூட்டியபோது இப்படங்களைச் சான்றாகக் கொண்டார். கே.எஸ். மணிலால் இந்நூலை முழுமையாக மொழிபெயர்த்தார். ஆங்கிலப் பதிப்பு 2003இலும் மலையாளப் பதிப்பு 2008இலும் கேரளப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளிவந்தன. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் பெயரையும் செடியையும் பொருத்திப் பார்க்க முடிந்தது படங்களில் உருவம் காக்கப்பட்டிருந்ததால்தான்.

4. இனங்காணும் முறை

ஒரு நீலப்பூவின் பெயரை உறுதி செய்ய நான்கு வினாக்கள் போதுமானவை.

(அ) செடி எங்கு வளர்கிறது? அது நீர்ச்செடியா, கொடியா, படர்செடியா, மரமா?
(ஆ) இலை தனியிலையா, கூட்டிலையா? அதன் வடிவு யாது?
(இ) இதழ்கள் எத்தனை? அவை தனித்தவையா, இணைந்தவையா? எத்திசையில் பகுத்தாலும் பூ ஒத்த பாதிகளாகுமா?
(ஈ) மகரந்தத்தாள்களும் சூல்தண்டுகளும் எத்தனை?

இவ்வினாக்களைச் சில பெயர்களுக்குப் பொருத்திக் காண்போம்.

4.1 ஆம்பலும் குவளையும்

ஹோர்த்துஸ் நூலில் 'சித்தம்பெல்' என்று ஒலிக்கும் உரோமன் எழுத்து வடிவம் 'சிற்றாம்பல்' என்பதே. இது நிம்ஃபேயா நூச்சாலி என்று இனங்காணப்பட்டுள்ளது. இதன் வட்டமான இலை ஆழ்ந்த பிளவுடன் நீரில் மிதக்கும். நீண்ட காம்பின் நுனியில் ஒரே பூ நீர்மட்டத்துக்கு மேல் எழும். புல்லிகள் நான்கு. இதழ்கள் பத்துக்கு மேற்பட்டவை, மகரந்தத்தாள்கள் மிகப் பல. பகலில் மலரும். இரவில் மலர்வதும் இலையின் அடிப்புறத்தில் மயிர் உடையதுமான வெள்ளாம்பல் வேறு இனம்.

அந்நூலின் 'கரிம்-கோல' என்னும் பெயர் மலையாளக் 'கரிங்கூவள'த்தோடு ஒத்தது. தமிழ்க் கருங்குவளையோடு இதனை ஒப்பிடலாம். ஆனால் இது நிம்ஃபேயா அன்று, மொனோகோரியா வஜினாலிஸ் என்னும் வயல்நீர்ச் செடி. இதன் இலை மிதப்பதில்லை, நீருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். இலைக்காம்பினின்றே முளைத்தது போலத் தோன்றும் கொத்தில் பல பூக்கள் இருக்கும். பூவிதழ்கள் ஆறு, மகரந்தத்தாள்கள் ஆறு. அவற்றுள் ஒன்று மட்டும் பெரிது. ஆகவே இதழ்களை எண்ணினால் இரண்டும் வேறென்பது விளங்கும். குவளை, நெய்தல் என்னும் இலக்கியப் பெயர்கள் இவற்றுள் எதனைக் குறித்தன என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மொழிபெயர்ப்பாளர் அதனைத் தாமே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்ப்பது வாசகரிடமிருந்து அவ்வேறுபாட்டை மறைப்பதாகும்.

மொனோகோரியாவின் குடும்பத்தைச் சேர்ந்த வெங்காயத்தாமரை இன்று கொச்சியின் காயல்களிலும் வாய்க்கால்களிலும் மண்டிக் கிடக்கிறது. இதற்கும் பூவிதழ் ஆறு. எனினும் காற்று நிறைந்து பருத்த இலைக்காம்பும் மேலிதழில் உள்ள மஞ்சள் புள்ளியும் இதனைப் பிரித்துக் காட்டும். இது தென் அமெரிக்காவுக்குரியது, இந்தியாவுக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. எனவே பழைய பனுவல்களின் எப்பெயருக்கும் இச்செடி பொருளாக முடியாது.

4.2 சங்குப்பூவும் சங்கபுஷ்பியும்

பெயர் மயக்கம் நடைமுறைத் தீங்காக மாறும் இடம் இது. தமிழிலும் மலையாளத்திலும் சங்குப்பூ, சங்குபுஷ்பம் என்பன கிளிட்டோரியா தெர்னேட்டியா என்னும் கொடியைக் குறிக்கும். காக்கணம், கருவிளை என்பனவும் இதற்குரிய பெயர்களே. கேரள மருத்துவ மரபு சங்கபுஷ்பி என்று கொள்வதும் இதனையே. ஆனால் இந்திய அரசின் ஆயுர்வேத மருந்துத் தரநூல் சங்கபுஷ்பி என்று ஏற்பது கான்வால்வுலஸ் இனத்துப் படர்செடி ஒன்றினை. வடநாட்டில் சில இடங்களில் விஷ்ணுகிராந்தியும் அப்பெயரால் விற்கப்படுகிறது. இந்தியிலிருந்து மருத்துவ நூலொன்றைத் தமிழாக்குபவர் 'சங்கபுஷ்பி' என்பதைச் 'சங்குப்பூ' என்று பெயர்த்தால் சொல் சரியாகவும் மருந்து தவறாகவும் அமையும்.

மூன்றையும் பிரித்தறிவது அரிதன்று. சங்குப்பூ ஏறுகொடி. கூட்டிலையில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள் இருக்கும். அவரைக் குடும்பத்துப் பூக்களில் மேற்புறம் நிற்க வேண்டிய பெரிய இதழ் இதில் தலைகீழாகத் திரும்பிக் கீழே அமைந்திருக்கும். பூவை ஒரே ஒரு திசையில்தான் ஒத்த பாதிகளாகப் பகுக்க இயலும். காய் தட்டையானது.

விஷ்ணுகிராந்தியும் கான்வால்வுலஸும் தரையில் படர்பவை, தனியிலை உடையவை. இரண்டிலும் ஐந்து இதழ்கள் இணைந்து ஒரே வட்டமாகும். இங்குச் சூல்தண்டே தீர்ப்பு வழங்குகிறது. விஷ்ணுகிராந்தியாகிய எவால்வுலஸில் சூல்தண்டுகள் இரண்டு, ஒவ்வொன்றும் நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். கான்வால்வுலஸில் சூல்தண்டு ஒன்றே, அதன் நுனியில் சூலகமுடி இரண்டு. எளிய உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு இதனைக் காணலாம்.

4.3 காக்கப்பூ

ஒரே மொழிக்குள்ளும் ஒரு பெயர் செடி மாறுவதற்குக் காக்கப்பூ எடுத்துக்காட்டாகும். ஹோர்த்துஸ் நூலின் 9ஆம் தொகுதியில் இப்பெயரால் காட்டப்பட்ட செடி டொரேனியா என இனங்காணப்பட்டுள்ளது. இன்று ஓணப் பூக்கோலத்துக்குப் பறிக்கப்படும் காக்கப்பூ யூட்ரிகுலேரியா ரெட்டிகுலேட்டா. இரண்டிலும் இதழ்கள் இணைந்து ஈருதடு போல அமைவதால் தோற்ற ஒப்புமை உண்டு. ஆனால் டொரேனியாவில் பல்விளிம்புடைய எதிரிலைகளும் நான்கு மகரந்தத்தாள்களும் உண்டு. யூட்ரிகுலேரியாவில் மகரந்தத்தாள்கள் இரண்டே. பூவின் பின்புறம் குழல்போன்ற ஒரு நீட்சி காணப்படும். சேற்றில் மறைந்த நுண்பைகளால் சிற்றுயிர்களைப் பிடித்து உண்ணும் செடி இது. இங்குப் பெயரின் காலத்தையும் குறித்தாலன்றிப் பொருள் துணியப்படாது.

4.4 காயாவும் பூவாங்குறுந்தலும்

காயா மரமாகவோ புதராகவோ வளர்வது. மெமெசிலான் என்னும் இனத்தைச் சேர்ந்த இதன் நீலப்பூக்கள் முற்றிய கிளைகளின் மீது கொத்தாகத் தோன்றும். இதழ்கள் நான்கு, மகரந்தத்தாள்கள் எட்டு. தமிழில் இதற்குக் 'காசா' என்னும் பெயரும் உண்டு, மலையாளத்தில் 'காசாவு' என்பர். இவ்விரு வடிவங்களும் ஒரே செடியைக் குறிப்பதால் இனச்சொல் ஒப்பீட்டுக்கு இது நம்பத்தக்க சான்றாகிறது.

தசபுஷ்பம் எனக் கேரளத்தார் போற்றும் பத்துச் செடிகளுள் ஒன்றான பூவாங்குறுந்தல் தமிழிலும் அதே பெயரால் வழங்குகிறது. இதில் ஒரு பூ என்று கண்ணுக்குத் தோன்றுவது உண்மையில் ஏறத்தாழ இருபது நுண்பூக்களின் தொகுதி. எனவே இதற்கு இதழ் எண்ணும் முறை நேராகப் பொருந்தாது. தொகுதியைப் பிரித்து ஒரு நுண்பூவை எடுத்து நோக்க வேண்டும்.

5. பதிவு நெறி

மேற்கூறியவற்றால் அகராதிப் பதிவுக்கும் மொழிபெயர்ப்புக் குறிப்புக்கும் ஒரு நெறியை வகுக்கலாம். நீலப்பூவின் பெயருக்கு விளக்கம் எழுதும்போது வழங்கும் வட்டாரம், வளரிடம், இலை, இதழ் எண்ணிக்கை, மகரந்தத்தாள் அல்லது சூல்தண்டு என்னும் ஐந்தையும் சுருக்கமாகத் தருதல் வேண்டும். நிறத்தை இறுதியில் சேர்த்தால் போதும். அறிவியற்பெயரை உடன் தருவது இன்றியமையாதது. ஆயினும் அதுவும் மாறக்கூடியதே. பூவாங்குறுந்தல் வெர்னோனியாவிலிருந்து சையாந்தில்லியத்துக்கும், மொனோகோரியா அண்மையில் போன்டெடேரியாவுக்கும் மாற்றப்பட்டுள்ளன. உறுப்பு விளக்கம் இத்தகைய மாற்றத்தால் பழுதுறுவதில்லை.

கலைச்சொல்லாக்கத்திலும் ஓர் எச்சரிக்கை தேவை. தமிழ்த் தாவரவியலில் பூவின் இதழை 'அல்லி' என்கிறோம். அதே சொல் நீர்ப்பூ ஒன்றின் பெயருமாகும். 'அல்லியின் அல்லிகள்' போன்ற தொடர் எழுவதைத் தவிர்க்கவே இக்கட்டுரையில் 'இதழ்' என்னும் சொல் ஆளப்பட்டது.

இந்நெறிப்படி சங்கபுஷ்பிக்கு எழுதும் பதிவு ஒரே பொருளோடு முடியாது. கேரளம், தமிழ்நாடு: கூட்டிலைக் கொடி, தலைகீழான பெரிய இதழ். தரநூல் வழக்கு: தனியிலைப் படர்செடி, ஒரே சூல்தண்டு. வடநாட்டுச் சில அங்காடிகள்: தனியிலைப் படர்செடி, பிளந்த இரு சூல்தண்டுகள். இம்மூன்றையும் எண்ணிட்டுத் தனித்தனியே காட்டிய அகராதி மொழிபெயர்ப்பாளரின் மேசையில் இருப்பின், நூலில் ஒரு செடியும் நோயாளியின் கையில் மற்றொன்றும் ஆகும் நிலையைத் தவிர்க்கலாம்.