தீனி எதிரே இருந்தும் பட்டினிச் சாவு! வான்கோழி வளர்ப்போர் கவனத்துக்கு

திருவிடைமருதூர்–

தட்டு நிறையத் தீனி. பக்கத்திலேயே தண்ணீர். இருந்தும் பட்டினியால் செத்துப் போகிறது குஞ்சு!

வீட்டுச் சாப்பாட்டுக்கென்று கொல்லையில் வான்கோழி வளர்க்க ஆசைப்படுவோர் முதல் வாரத்திலேயே பார்க்கக்கூடிய கூத்து இது. நோய் என்று நினைத்து மருந்துக்கு ஓடுவார்கள். நோய் அல்ல. அந்தக் குஞ்சுக்குச் சாப்பிடத் தெரியாது. அவ்வளவுதான்!

நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்த மறுநாளே கொத்தித் தின்னும். வான்கோழிக் குஞ்சுக்குப் பார்வை மந்தம், பயம் வேறு. தாய் கொத்திக் காட்ட வேண்டும். தாய் இல்லாத குஞ்சுக்கு வீட்டுக்காரர்தான் தாய்! விரலால் தட்டில் தட்டித் தட்டிக் காட்ட வேண்டும். பச்சை நிறம் என்றால் அதற்குப் பிரியம். கீரையைப் பொடியாக நறுக்கித் தூவலாம். தீனிக்குள் கலர் கோலிக்குண்டு நாலைந்து போட்டு வைப்பதும் உண்டு. கோலியைக் கொத்த வந்து தீனியைக் கொத்தி விடும்!

முதல் 15 நாளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மில்லி பால், 10 குஞ்சுக்கு ஒரு அவித்த முட்டை தரச் சொல்கிறார்கள். குஞ்சுத் தீனியில் 28 சதவீதம் புரதம் வேண்டும். கோழிக்குஞ்சுத் தீனி போதாது. குருணையும் தவிடும் மட்டும் போட்டால் தேறாது.

ஐப்பசிக்கு முன்னே...

முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் தேவை. பிறகு வாரம் 3 டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சுகளே சொல்லிவிடும். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர். வாயைத் திறந்து ஒதுங்கினால் சூடு. பரவி நின்றால் சரி. மூலையில் நெருக்கிச் சாகாமல் இருக்க, வட்டமாகத் தடுப்பு வைப்பது முக்கியம்.

காவிரிப் பாசனப் பகுதியில் அடைமழை பிடித்தால் கொல்லையெல்லாம் சொதசொததான். எனவே ஐப்பசிக்கு முன்னே குஞ்சு தேறிவிட வேண்டும். தரையில் போடும் உமி நனைந்தால் உடனே அள்ளி மாற்ற வேண்டும்.

இன்னொரு வில்லங்கம், நாட்டுக்கோழியோடு சேர்த்து விடுவது. கோழியின் குடற்புழு முட்டை மண்ணில் கிடக்கும், மண்புழுவிலும் இருக்கும். அதன் வழியாக வரும் நோய், கோழியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. வான்கோழியைச் சாய்த்துவிடும்! எச்சம் கந்தக மஞ்சளாகப் போனால் மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான். இதே மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கறுப்பு நாட்டு இனத்தோடு சீமை வெள்ளை இனத்தைக் கலந்து கால்நடைப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'நந்தனம் வான்கோழி-1' தமிழ்நாட்டு வெயிலுக்கு ஏற்றது.

பேர் வைத்தால் போச்சு!

மயிலைப் பார்த்து ஆடியதாக ஏச்சு வாங்கிய பறவைதான். ஆனால் 1612-ல் கோவாவிலிருந்து வந்த வான்கோழியைக் கண்டு மொகலாயச் சக்கரவர்த்தி ஜஹாங்கீரே அசந்து போனார். தலை நிறம் மாறுவதை வியந்து எழுதி வைத்தார். உஸ்தாத் மன்சூர் அதைப் படமாக வரைந்தார்.

வீட்டுக் குழந்தைகள் மட்டும் அசராமல் இருப்பார்களா? கூடவே நடக்கும், கூப்பிட்டால் குரல் கொடுக்கும். பேர் வைத்துவிட்டால் அப்புறம் குழம்பு வைப்பது எப்படி? 'இது சாப்பாட்டுக்கு' என்று முதல் நாளே சொல்லிவிடுவதுதான் குழந்தைக்கும் நல்லது.

அந்தக் கடைசி நாள்

காலைக் கட்டி, சைக்கிள் ஹேண்டில்பாரில் தலைகீழாகத் தொங்கவிட்டுப் போவது கண்ணுக்குப் பழகிப்போன காட்சி. வலி உண்டாகும்படி பிராணியைக் கொண்டுபோவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம்! பறவைக்கு மனிதனைப்போல் உதரவிதானம் கிடையாது. தலைகீழானால் குடலும் ஈரலும் நுரையீரல் பக்கம் அழுத்தி மூச்சு முட்டும். வளர்ந்த சேவல் 7, 8 கிலோ. அத்தனை பாரத்தையும் கால் மூட்டு தாங்க வேண்டும்.

துரத்திப் பிடிப்பதும் வேண்டாம். இருட்டில் அடைந்திருக்கும்போது பிடித்தால் மிரளாது. இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்க வேண்டும். முந்தின இரவு தீனியை நிறுத்தலாம், தண்ணீரை நிறுத்தக்கூடாது. மற்றவற்றின் கண் எதிரே அறுக்கக்கூடாது. அடிமூலை வெட்டிய சாக்கில் தலை மட்டும் வெளியே வரும்படி இறக்கினால் படபடவென்று அடித்துக்கொள்ளாது. கத்தி நல்ல கூராக இருக்க வேண்டும். ஒரே இழுப்பில் முடிய வேண்டும். கை நடுங்குகிறவர், பழகிய கறிக்கடைக்காரரை வீட்டுக்கே வரவழைத்துவிடலாம்.

ஒரு சேவல் ஒரு வீட்டுக்கு அதிகம். கறி மீந்து வீணாகாமல் இருக்க, அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீட்டாரிடம் முன்கூட்டியே பங்கு பேசி வைப்பது நல்லது. நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. தீ அதிகமானால் சக்கையாகிவிடும். மூடி போட்டு, மெதுவாக வேகவிட வேண்டும்.