தேர்ச்சியும் தெளிவும்

மார்கழி அதிகாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீதிகளில் திருப்பாவை ஒலிக்கும்போது, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கிவரும் குளிர் எங்கள் வன்னியம்பட்டி வரை பரவியிருக்கும். கடந்த மார்கழியில், அந்தக் குளிருக்குக் காரணம் என்ன என்று எங்கள் தெருவில் வசிக்கும் கல்லூரி மாணவர்கள் மூவரிடம் கேட்டேன். மூவரும் அறிவியல் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில் இருப்பவர்கள். நல்ல மதிப்பெண் பெறுபவர்கள். 'இந்த மாதத்தில் பூமி சூரியனை விட்டுத் தள்ளிப்போய்விடுகிறது, சார்' என்று இருவர் உடனே சொன்னார்கள். மூன்றாமவர் சற்று யோசித்துவிட்டு அதை ஆமோதித்தார்.

உண்மை இதற்கு நேர்மாறானது. ஜனவரி முதல் வாரத்தில், அதாவது மார்கழியின் பிற்பகுதியில்தான், பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. அப்போதைய தொலைவு சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில், நமது ஆனி மாதத்தில், அது சுமார் 15.2 கோடி கிலோமீட்டராக அதிகரிக்கிறது. பருவ மாற்றத்துக்குக் காரணம் தொலைவு அன்று. பூமியின் அச்சு ஏறத்தாழ 23.5 பாகை சாய்ந்திருப்பதே.

இதை எடுத்துச் சொன்னபோது அவர்கள் அளித்த பதில்தான் என்னைச் சிந்திக்க வைத்தது: 'அச்சு சாய்வு பற்றியும் படித்திருக்கிறோம், சார்.' படித்திருக்கிறார்கள், தேர்விலும் எழுதியிருக்கிறார்கள். ஆயினும், பாடத்தில் பெற்ற விடையும் மனத்தில் நிலைத்த நம்பிக்கையும் ஒன்றையொன்று சந்திக்காமலேயே பல ஆண்டுகள் அருகருகே வாழ்ந்திருக்கின்றன.

இது நம் ஊர் மாணவர்களின் குறை மட்டுமன்று. 1987-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'எ பிரைவேட் யுனிவர்ஸ்' என்ற ஆவணப்படத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளன்று மாணவர்கள், முன்னாள் மாணவர்கள், ஆசிரியர்கள் என 23 பேரிடம் பருவ மாற்றம், நிலவின் பிறைகள் ஆகியவற்றின் காரணம் கேட்கப்பட்டது. அவர்களில் 21 பேர் தவறான விளக்கமே அளித்தனர். உலகின் தலைசிறந்த பல்கலைக்கழகமும் அந்தப் பழைய நம்பிக்கையை அசைக்கவில்லை.

அறியாமை என்பது வேறு. பிழைக் கருத்து என்பது வேறு. அறியாமை காலிப் பாத்திரம். அதில் எதையும் ஊற்றலாம். பிழைக் கருத்து ஏற்கெனவே நிரம்பிய பாத்திரம். அதில் ஊற்றுவது வழிந்தோடிவிடும். மேலும், பிழைக் கருத்து முட்டாள்தனத்தில் பிறப்பதன்று, அனுபவத்தில் பிறப்பது. அடுப்பின் அருகே சென்றால் சுடுகிறது, விலகினால் தணிகிறது. இதைக் குழந்தைப் பருவம் முதல் உணர்ந்த மனம், சூரியனுக்கும் அதே விதியைப் பொருத்திவிடுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆடிப்பூரத் தேரோட்டம் இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. வடம் இழுத்தால் தேர் நகர்கிறது. இழுப்பதை நிறுத்தினால் நின்றுவிடுகிறது. எனவே, இயக்கம் தொடர விசை வேண்டும் என்று கண்கள் சாட்சி சொல்கின்றன. அரிஸ்டாட்டில் முதல் கலிலியோவின் காலம் வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் அறிஞர்களும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால், சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையுடன் நடப்பவர்களுக்கு மறுபக்கம் தெரியும். ஓடத் தொடங்கிய தேர் தானாக உடனே நிற்பதில்லை. அதை நிறுத்துவதற்கு எதிர்விசை தேவை. தேர் சீரான வேகத்தில் நேராகச் செல்லும்போது இழுக்கும் விசையும் உராய்வும் சமமாக இருக்கின்றன. நிகர விசை சுழியம். நியூட்டனின் முதல் விதியைப் பிழையின்றி எழுதும் மாணவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். 'இழுக்கும் விசை அதிகமாக இருப்பதால்தான் தேர் நகர்கிறது' என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும்.

நம் மொழிப் பழக்கமும் இதில் பங்கு வகிக்கிறது. பேச்சு வழக்கில் 'சூடு' என்ற ஒரே சொல் வெப்பத்தையும் வெப்பநிலையையும் குறிக்கிறது. கடையில் நிறுப்பது எடை. இயற்பியலில் அது நிறை. தலையில் மூட்டையுடன் அசையாமல் நிற்பவர் வேலை செய்வதாக ஊர் சொல்லும். இயற்பியலின் கணக்கில் அவர் அந்த மூட்டையின் மீது செய்த வேலை சுழியம். இந்த இடைவெளியை ஆசிரியர் வெளிப்படையாகப் பேசாவிட்டால், மாணவர் தேர்வறைக்கு ஓர் அகராதியும் வாழ்க்கைக்கு ஓர் அகராதியும் வைத்துக்கொள்வார்.

மனத்தில் ஒளிந்திருக்கும் கருத்தை அளக்க முடியுமா? முடியும் என்பதைக் கடந்த நாற்பது ஆண்டுகால ஆய்வுகள் காட்டியுள்ளன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹெஸ்டனிஸ், தம் சக ஆய்வாளர்களுடன் 1992-இல் விசை குறித்த கருத்தறி வினாத்தாள் ஒன்றை வெளியிட்டார். அதில் 29 வினாக்கள். சூத்திரமோ கணக்கீடோ தேவையில்லை. ஒவ்வொரு வினாவிலும் உள்ள தவறான விடைகள், மாணவர்கள் உண்மையில் கொண்டிருக்கும் நம்பிக்கைகளிலிருந்தே எடுக்கப்பட்டவை. ஆகவே, தவறான விடையும் ஆசிரியருக்கு ஒரு செய்தி சொல்கிறது.

இத்தகைய வினாக்களைத் தம் மாணவர்களுக்குக் கொடுத்த ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், கடினமான கணக்குகளைத் தீர்ப்பவர்கள் எளிய வினாக்களில் தடுமாறுவதைக் கண்டார். நீங்கள் கற்பித்தபடி விடையளிப்பதா, நான் நினைக்கிறபடி விடையளிப்பதா என்று ஒரு மாணவி கேட்டாராம். அந்தக் கேள்வி அவருடைய கற்பித்தல் முறையையே மாற்றியது. வினாவை முன்வைத்து, மாணவர்களை விடை தேர்ந்தெடுக்கச் செய்து, பக்கத்தில் இருப்பவருடன் வாதிடவைத்து, மீண்டும் விடை கேட்கும் முறையை அவர் வளர்த்தெடுத்தார்.

இதன் பயனையும் அளந்திருக்கிறார்கள். ரிச்சர்ட் ஹேக் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, 62 பாடவகுப்புகளில் பயின்ற 6,500-க்கும் மேற்பட்ட மாணவர்களை உள்ளடக்கியது. தொடக்கத்தில் தெரியாதிருந்தவற்றில் எத்தனை பங்கைப் படிப்பின் முடிவில் கற்றிருக்கிறார்கள் என்பதே அவருடைய அளவுகோல். விரிவுரையை மட்டும் கேட்ட வகுப்புகளில் அது சராசரியாக 23 சதவீதம். மாணவர்கள் விவாதித்துக் கற்ற வகுப்புகளில் 48 சதவீதம்.

கருத்துத் தெளிவு ஒருபுறம் இருக்க, சிந்தனைத் திறன் என்பது தனியே அளக்கப்பட வேண்டியது. ஒரு விவசாயி ஒரு தென்னைக்கு உரத்தையும் நீரையும் சேர்த்துக் கூட்டினார். மற்றொன்றுக்கு எதையும் கூட்டவில்லை. முதல் மரம் அதிகம் காய்த்தது. காரணம் உரமா, நீரா? இந்தச் சோதனையிலிருந்து சொல்ல முடியாது என்று கூறுவதற்குத் தாவரவியல் பட்டம் தேவையில்லை; ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்ற ஒழுங்கு தேவை. இத்தகைய திறனை அளக்க ஆன்டன் லாசன் 1978-இல் ஒரு தேர்வை உருவாக்கினார்.

2009-இல் 'சயின்ஸ்' இதழில் லெய் பாவோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு, சீன, அமெரிக்க முதலாண்டு மாணவர்களை இரு வகைத் தேர்வுகளாலும் ஒப்பிட்டது. விசை குறித்த வினாத்தாளில் சீன மாணவர்களின் சராசரி ஏறத்தாழ 86 சதவீதம். அமெரிக்க மாணவர்களுக்கு 49 சதவீதம். லாசன் தேர்விலோ இரு நாட்டினரும் ஏறத்தாழ 75 சதவீதத்தில் சமமாக நின்றனர். பள்ளியில் இயற்பியலை ஆழமாகப் படித்ததால் பாட அறிவு கூடியது. பகுத்தறியும் திறன் அதனால் தானாகக் கூடிவிடவில்லை.

பொருளியல் ஆசிரியன் என்ற முறையில் என்னை அதிகம் கவலைகொள்ள வைத்தது 2021-இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வெளிவந்த ஆய்வு. இந்தியா, சீனா, ரஷியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் கணினி அறிவியல், மின்பொறியியல் பயிலும் பல்லாயிரம் மாணவர்களைப் பிரசாந்த் லோயல்கா குழுவினர் தொடர்ந்து ஆராய்ந்தனர். இந்திய மாணவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் பாட அறிவில் முன்னேறுகிறார்கள். ஆனால், நான்கு ஆண்டுகளிலும் ஆய்ந்து சிந்திக்கும் திறனில் அவர்களுக்கு முன்னேற்றம் இல்லை என்பதே அதன் முடிவு.

2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். தேசிய சராசரி 28.4 சதவீதம். இது பெருமைக்குரிய சாதனை. நூற்பாலைத் தொழிலாளியின் மகளும் தோட்டத் தொழிலாளியின் மகனும் ராஜபாளையத்திலும் கிருஷ்ணன்கோவிலிலும் பட்டம் படிக்கிறார்கள். கல்லூரி வாசலைத் திறந்துவிட்டோம். உள்ளே சென்றவருக்கு என்ன கிடைக்கிறது என்பதே அடுத்த கேள்வி. நகரத்து வசதியான குடும்பத்துப் பிள்ளை கல்லூரியில் கிடைக்காததை வேறிடத்தில் பெற்றுக்கொள்ளும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்லூரி மட்டுமே கதி.

கல்வித் தகுதியை வேலை தருபவருக்குத் தரப்படும் ஒரு சமிக்ஞையாக விளக்கியவர், 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் ஸ்பென்ஸ். பட்டம் சிந்தனைத் திறனைக் காட்டாதபோது அந்தச் சமிக்ஞை மங்குகிறது. நிறுவனங்கள் தாமே தேர்வு நடத்தத் தொடங்குகின்றன. பட்டம் பெற்றவர் மீண்டும் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுகிறார்.

தேர்வு முறையைச் சீர்திருத்தும் முயற்சிகள் நடக்கவே செய்கின்றன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-லும், பல்கலைக்கழக மானியக் குழு 2019-லும் இதற்கான பரிந்துரைகளை வெளியிட்டன. இன்று நம் கல்லூரி வினாத்தாள்களில் ஒவ்வொரு வினாவுக்கும் அருகே அது நினைவாற்றலைச் சோதிக்கிறதா, பகுத்தாயும் திறனைச் சோதிக்கிறதா என்ற குறியீடு இடம்பெறுவதைக் காணலாம். ஆனால், 'பகுத்தாய்க' என்று தொடங்கும் வினா வினா வங்கியிலிருந்து எடுக்கப்பட்டு, அதற்கான விடையும் வகுப்பில் எழுதிப்போடப்பட்டிருந்தால், அது நினைவாற்றலைச் சோதிக்கும் வினாவே. குறியீடு மாறியதால் மனம் மாறுவதில்லை.

பிற துறையினரைக் குறை கூறுவதாக வாசகர்கள் எண்ண வேண்டாம். 2005-இல் ஃபெராரோ, டெய்லர் என்ற இருவர், சுமார் 200 பொருளியலாளர்களிடம் 'வாய்ப்புச் செலவு' பற்றிய எளிய வினா ஒன்றைக் கேட்டனர். நான்கு விடைகளுள் சரியானதைத் தேர்ந்தெடுத்தவர்கள் சுமார் 22 சதவீதம் மட்டுமே. கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தாலும் 25 சதவீதம் கிடைத்திருக்கும். அந்த வினாவின் சொல்லமைப்பு குறித்துப் பின்னர் விவாதங்கள் எழுந்தன என்றாலும், அந்த எச்சரிக்கை கவனிக்கத்தக்கது.

நானும் பல ஆண்டுகள் 'வாய்ப்புச் செலவு என்றால் என்ன?' என்று இரண்டு மதிப்பெண் வினா கேட்டு, வரையறையை எழுதியவருக்கு முழு மதிப்பெண் வழங்கியவன்தான். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு வினாவை மாற்றினேன். தந்தையின் பால்கோவா கடையில் சம்பளமின்றி அமர்ந்திருக்கும் மகனின் உழைப்புக்குச் செலவு எவ்வளவு என்று கேட்டேன். வரையறையை மனப்பாடமாகச் சொன்ன வகுப்பில் பெரும்பாலோர் 'செலவு ஏதுமில்லை' என்று எழுதினார்கள். வேறிடத்தில் அவர் ஈட்டியிருக்கக்கூடிய ஊதியம் அவர்கள் நினைவுக்கு வரவில்லை. அன்று தோற்றது மாணவர்கள் அல்லர்; என் பழைய வினாத்தாள்.

என்ன செய்யலாம்? முதலாவதாக, ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அரை மணி நேரக் கருத்தறி தேர்வு ஒன்றை, மதிப்பெண் இன்றி நடத்தலாம். இரண்டாவதாக, ஆஸ்திரேலிய அறிஞர் டேவிட் டிரகஸ்ட் 1988-இல் முன்வைத்த இரட்டை அடுக்கு வினாக்களைப் பின்பற்றலாம். முதல் அடுக்கில் விடை. இரண்டாம் அடுக்கில் அதற்கான காரணம். இரண்டும் சரியாக இருந்தால்தான் புரிதல். மூன்றாவதாக, அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பகுதியை, மாணவர் இதுவரை காணாத சூழலை விளக்குவதற்கு ஒதுக்கலாம். நான்காவதாக, வினாக்கள் தமிழிலும், நம் தேரையும் தென்னையையும் நூற்பாலையையும் களமாகக் கொண்டும் அமைய வேண்டும். அறிவியல் கல்வி ஆய்வில் 1974 முதல் ஈடுபட்டுள்ள மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் போன்ற நிறுவனங்களின் அனுபவத்தையும் நம் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, வகுப்பில் அறுபது பேர் இருக்கிறார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயமே. ஆனால், விரலை உயர்த்தி விடை காட்டச் சொல்வதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. அறுபது விரல்களை ஒரே பார்வையில் பார்த்துவிடலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஓர் அளவுகோல் இலக்காக மாறும்போது அது நல்ல அளவுகோலாக இருப்பதில்லை என்பது, பிரிட்டன் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் அறியப்படும் விதி. இந்தத் தேர்வுகளின் முடிவைக் கொண்டு கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தவோ ஆசிரியர்களைத் தண்டிக்கவோ தொடங்கினால், அடுத்த ஆண்டே அவற்றுக்கும் கையேடுகள் கடைக்கு வந்துவிடும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி வைத்தியத்துக்குத்தான், பரிசளிப்புக்கு அன்று.

சித்திரை முதல் நாளை ஒட்டி எங்கள் பகுதியில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நாளில் அதே மூன்று மாணவர்களுடன் மொட்டை மாடியில் ஒரு கம்பை நட்டு வைத்துக் காத்திருந்தேன். பகல் 12.20 மணியளவில் நிழல் கம்பின் அடியில் ஒடுங்கி மறைந்தது. பன்னிரண்டு மணிக்கு ஏன் மறையவில்லை என்று ஒருவர் கேட்டார். நம் கடிகாரம் காட்டுவது நமக்குக் கிழக்கே உள்ள 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம் என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். மார்கழியில் யோசித்துத் தலையசைத்த மூன்றாமவர், 'அப்படியானால் டெல்லியில் நிழல் என்றைக்காவது மறையுமா, சார்?' என்றார்.

மறையாது, டெல்லி கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது. ஆனால், நான் விடை சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு எந்தப் பருவத் தேர்விலும் மதிப்பெண் இல்லை. அதற்கு மதிப்பெண் கிடைக்கும் நாளில்தான் நம் பட்டங்களுக்குப் பொருள் கூடும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).